கஞ்சி போட்ட காற்று

"மத்த ஊர்க் காத்தாடி எல்லாம் காத்தடிச்சா ஓடும். நம்ம மாடியில நிக்கிறது காத்து நின்னாத்தான் ஓடும்" என்றார் மந்திரமூர்த்தி. "காத்து கூடுனா மரியாதையாப் பைய நடக்கும். காத்து ஓஞ்சுதுன்னு வையி, பேய் புடிச்ச மாதிரி சுத்தும். நேத்து அது சுத்துன சுத்துல அடுத்த வீட்டுக் கோழி ஒரே நாள்ல ரெண்டு முட்டை போட்டுட்டு, பாத்துக்க."

பெங்களூரில் பதினோராவது மாடியில் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றின் வாயில் பருப்புச்சோறை வைத்தபடி, மற்றொன்று நாற்காலியிலிருந்து விழாமல் காலால் அண்டை கொடுத்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டிருந்த முத்துராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சாப்பிட்டியளா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் எதை அளந்துவிட்டாலும் அவளுடைய பதில் அதுதான். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைப் பண்ணையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் மந்திரமூர்த்தி. கோபுரத்தின் உச்சியில் நின்று கொற்கைக் கடலைப் பார்த்ததாகவும், அங்கே போன கப்பலின் மேல்தட்டில் ஒருவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது தெரிந்ததாகவும் சொல்வார். கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்றே என்று யாராவது இழுத்தால், "நான் பாத்த அன்னைக்கு வந்திருந்துது" என்பார். ஓர் ஆடி மாதம் காற்று அவரைக் கோபுரத்திலிருந்து அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் மணிமுத்தாறு அருவியில் போட்டது. வந்ததுதான் வந்தோம் என்று ஒரு குளியல் போட்டுவிட்டு பஸ் பிடித்துத் திரும்பினார். தச்சநல்லூரில் அவர் தெருவே இந்தக் கதையை வாயைப் பிளந்து கேட்டது. டீக்கடையில் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லி வடை வாங்கிக்கொடுத்தவர்கள் உண்டு. முத்துராணி ஒருத்திதான், வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆடிக் காத்து மேக்க இருந்து கிழக்கல்லா அடிக்கும்? மணிமுத்தாறு மேக்கல்லா கெடக்கு? எதுத்தா பறந்திய?" அதிலிருந்து அந்தக் கதையை அவர் டீக்கடையோடு நிறுத்திக்கொண்டார். ஊர் முழுவதும் ஒரு பக்கம் நம்பி, இவள் ஒருத்தி மறுபக்கம் நின்று நம்பாவிட்டால், தராசு அவள் பக்கம்தான் சாயும். அது என்ன தராசு என்று அவருக்கும் புரிந்ததில்லை.

ஆனால் இந்தக் காற்றாடி விஷயத்தில் அவர் சொன்னது, கோழி முட்டையைக் கழித்துவிட்டால், மாடியில் மாட்டியிருந்த அளவுப் பெட்டி காட்டிய உண்மை.

காற்றாடி ஸ்டெபியுடையது. ஸ்டெபி பாளையங்கோட்டைக்காரி, பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறாள். ஊருக்கு வெளியே, கரிசல் காட்டில் நெடுநெடுவென்று நிற்கிற பெரிய காற்றாலைகள் என்ன தரும் என்று உலகத்துக்குத் தெரியும். ஊருக்குள், வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் இடையில் நிற்கிற சின்னக் காற்றாடி உண்மையில் என்ன தரும் என்பதைத்தான் அவள் சோதிக்கிறாள். விற்கிறவர்கள் சொல்கிற கணக்கு மந்திரமூர்த்தி சொல்கிற கணக்கைவிடப் பெரியதாக இருந்தது. காரணம், ஊருக்குள் வருகிற காற்று ஒழுங்கான காற்று இல்லை. மேற்கே மலைக் கணவாயில் புறப்படும்போது அது மாப்பிள்ளை மாதிரித்தான் புறப்படுகிறது. வயலையும் வாழைத்தோட்டத்தையும் தாண்டித் தச்சநல்லூருக்குள் நுழைந்ததும் கல்யாண மண்டபத்துச் சுவரில் மோதி, செல்போன் கோபுரத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, நாலு சந்தில் நாலு துண்டாகப் பிரிந்து, எந்தத் துண்டு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அதற்கே தெரியாமல் வந்து சேரும். அதை வாங்கிச் சுற்றுவதற்கென்றே நெட்டுக்குத்தலாக நிற்கிற காற்றாடி இது. எண்ணெய் பீப்பாயை நெடுகப் பிளந்து, இரண்டு பாதியையும் சற்றுத் தள்ளி எதிரும் புதிருமாக ஒட்டவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு பாதி காற்றை மடியில் வாங்கித் தள்ளிக்கொண்டு போகும். மறுபாதி அதே காற்றுக்கு முதுகைக் காட்டி எதிர்த்துக்கொண்டு திரும்பி வரும். இந்த இழுபறியில் மிஞ்சுவது எதுவோ அதுதான் மின்சாரம். "புருசன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லும்மா, சுருக்கமா முடிஞ்சிரும்" என்றார் மந்திரமூர்த்தி, அவள் விளக்கிச் சொன்ன முதல் நாளிலேயே.

அவர் வீட்டு மாடியில் மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது, வெறும் கம்பிதான். அதனால் அவளுக்கு இடம் பிடித்துப்போயிற்று. காற்றாடியை நட்டு, பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் காற்றின் வேகத்தை அளக்கிற மூன்று கிண்ணங்களைச் சுற்றவிட்டு, மாடிப்படி அறையில் ஒரு பெட்டியை மாட்டினாள். பெட்டியின் முகத்தில் இரண்டு எண்கள்: மேலே காற்று, கீழே மின்சாரம். பெட்டி தன் பாட்டுக்குப் பதிந்துகொள்ளும். சனிக்கிழமை காலையில் வந்து அவள் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போவாள். மந்திரமூர்த்திக்குக் கொடுத்த வேலை எதையும் தொடாமல் இருப்பது. அந்தப் பெட்டியைத்தான் அவர் பார்த்தார். மேலே உள்ள எண் இறங்க இறங்கக் கீழே உள்ள எண் ஏறியது. காற்று இருக்கிறது என்று அவர் உடம்பு சொல்லத்தான் செய்தது. பெட்டி இல்லை என்றது. கதைக்குப் பெட்டி சொன்னதுதான் நன்றாக இருந்தது.

அன்று போனில் முத்துராணி சாப்பாட்டோடு நிறுத்தவில்லை.

"இசக்கி கேக்கா" என்றாள். இசக்கித்தாய் அவர்களுடைய ஒரே மகள். ஆபீசில் அவளை ஐசக் என்று கூப்பிடுகிறார்கள். "இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணுமாம். பிள்ளையளக் காப்பகத்துல விடுததா, இல்ல அதுவோ பள்ளிக்கூடம் போறவரைக்கும் நான் இங்கனயே இருக்கதான்னு. நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் என்னத்தச் சொல்லுதது?"

"வான்னு சொன்னா வாரேன். இருன்னு சொன்னா இருக்கேன். ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஓர் எழுத்துச் சொல். குழந்தைகள்கூடச் சீக்கிரமே பழகிவிடுகிற சொல். "இங்கன எனக்கு என்ன கொறச்சல்" என்று அவர் வாய் சொல்லிற்று. "ராசா மாதிரி இருக்கேன். நேத்து அவியல் வச்சேன் பாரு, அந்த வாசத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ரயில்வே கேட்டுல நின்னுட்டு. கார்டு எறங்கி வந்து, யாரு வீட்டு அவியல்னு கேட்டாரு."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. "சரி. வச்சிருதேன்" என்றாள் முத்துராணி.

அவள் வைத்த பிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு என்று போனவள். பிள்ளைகள் குப்புற விழுந்தன, தவழ்ந்தன, நடந்தன, ஓடின. ஆறு மாதமும் அவற்றோடு சேர்ந்து ஓடிப்போயிற்று. நடுவில் அவரும் ஒரு தடவை போய் இருந்து பார்த்தார். அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் ஏசி கோபித்துக்கொள்ளுமாம். வாழ்நாள் முழுக்கக் காற்றில் நின்ற மனிதருக்குக் காற்றே நுழையாத வீடு. தச்சநல்லூரில் திருடர்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வழியனுப்ப வந்த முத்துராணியை ரயிலடியில் பார்த்தபோதும் வா என்று சொல்ல நினைத்தார். சொல்வதற்கு என்ன என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனால் அவர் சொல்கிற எதையும் பாதியாக்கி, அந்தப் பாதியையும் உதறிப் பார்த்துத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். அவர் வா என்று சொல்லி, அதையும் அவள் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? கப்பலில் வெங்காயம் உரித்தவனை அவள் நம்பாததில் அவருக்கு வருத்தமில்லை. இதையும் நம்பாமல் சாப்பிட்டியளா என்று கேட்டுவிட்டால், அதற்குமேல் அவரிடம் சொல்ல ஒன்றும் கிடையாது.

எதையும் தொடக்கூடாது என்று ஸ்டெபி சொன்னதை அவர் மீறவில்லை. சேலை காயப்போட்டார், அவ்வளவுதான்.

பெங்களூருக்குப் புறப்படும்போது முத்துராணி பீரோவைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "நூல் சேலைய மட்டும் மாசம் ஒருக்கக் காத்துல போட்டு எடுங்க. சாரல் நேரத்துல பூசணம் பூத்துப் போயிரும்." சொன்னபடி முதல் மாதம் பீரோவைத் திறந்தார். பாச்சா உருண்டையும் பழைய கஞ்சியும் அவளும் கலந்த ஒரு வாசம் வந்து முகத்தில் அடித்தது. அத்தனை பெரிய கோபுரங்களில் நின்றவருக்கு அன்று கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டியிருந்தது. மாம்பழக் கலர் சேலையை எடுத்துப்போய் மாடியில் கொடிக்கம்பியில் போட்டார். வெயில் ஏறியதும் கஞ்சி வாசம் கிளம்பியது. மறுநாள் வேறொன்று போட்டார். பிறகு காற்றில் போடுவது மட்டும் போதாது, சேலை துவண்டுவிட்டது, அவள் இருந்தால் இப்படியா இருக்கும் என்று தோன்றியது. சோறு வடித்து, வடிகஞ்சியை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, வாளித் தண்ணீரில் கலந்து சேலையை முக்கி எடுத்தார். முதல் தடவை கஞ்சி கெட்டியாகிவிட்டது. காய்ந்த சேலை தானாக எழுந்து நின்றதாகவும், படியிறங்கிக் கடைக்குப் போகப் பார்த்ததாகவும் சொல்வதற்கு அவருக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் அளந்துவிடுகிற மனிதர் இதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நாளடைவில் கை பழகிவிட்டது. தினமும் இரண்டு சேலை. நீளவாட்டில் கம்பியோடு ஒட்டி விரித்து, மேலே கிளிப் போட்டு, கீழ்க்கரையைச் செங்கல்லில் கட்டித் தரையில் இறுக்கி வைப்பார். ஒருமுறை ஆனிக் காற்றில் பச்சைக் கட்டம் போட்ட சேலை பறந்து அடுத்த மாடி நஃபீஸத் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போர்த்திக்கொண்டதிலிருந்து அந்த ஏற்பாடு. காய்ந்து விறைத்ததும் இரண்டும் இரண்டு பலகை மாதிரி நிற்கும். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போவார். திரும்பும்போது தெருமுனையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வந்து தலையைத் தூக்கினால் மாடியில் சேலை தெரியும். வீட்டில் அவள் இருக்கிறாள் என்று கண் ஒரு நொடி நம்பும். மூளை போய்ச் சொல்வதற்குள் அந்த நொடி முடிந்துவிடும். அந்த நொடிக்காகத்தான் அவர் தினமும் காலையில் தேவைக்கு மேல் சோறு வடித்தார்.

சனிக்கிழமை மட்டும் கிடையாது. ஸ்டெபி வருகிற நாள். வயசான மனுஷன், ஊரில் இல்லாத பெண்டாட்டியின் சேலைக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கிறான் என்று ஒரு படித்த பெண் பார்த்தால் என்ன நினைப்பாள். முத்துராணியோ மகளோ வீடியோவில் கூப்பிட்டாலும் கீழே ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் பச்சைப் பொத்தானைத் தொடுவார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்டெபி வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டாள். மாடிப்படி அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது."

"கேளும்மா."

"காத்தாடிய நீங்க கையால சுத்தி விடுதியளா?"

மந்திரமூர்த்திக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. "எம்மேல எத்தனையோ பழி விழுந்திருக்கு தாயி. இவ்வளவு அழகா ஒண்ணு விழுந்ததில்ல. நான் கையால சுத்துனேன்னு வையி, இந்நேரம் இது இங்கனயா நிக்கும்? பாளையங்கோட்டையில உங்க வீட்டு மாடியில வந்துல்லா எறங்கியிருக்கும்."

"வெளாட்டு இல்ல அங்கிள். காத்துல என்ன இருக்கோ அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் எந்தக் கொம்பன் காத்தாடியும் எடுக்க முடியும். அதுவும் பெருசுக்கு. இந்தச் சின்னதுக்கு அதுல பாதிகூடக் கஷ்டம். உங்க வீட்டுக் காத்தாடி காத்துல இருக்கிறதுக்கும் மேல எடுத்திருக்கு."

"கெட்டிக்காரக் காத்தாடி."

"அப்படி ஒண்ணு உலகத்துல கெடையாது. இத எழுதிக்கொண்டு போனா என்னையப் பாத்துத்தான் சிரிப்பாவ." அவள் திரையில் ஒரு கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இன்னொண்ணு பாருங்க. காலையில வெயில் ஏறுனதும் காத்து சடார்னு பாதியாக் கொறையுது. சாயங்காலம் திரும்பக் கூடிருது. தெனமும் இப்படி. சனிக்கிழமை மட்டும் கொறையவே இல்ல. அன்னைக்குச் சனிக்கிழமைன்னு காத்துக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

மந்திரமூர்த்தி மேற்கே வானத்தைப் பார்த்தார். மேகம் ஏதாவது உதவிக்கு வருமா என்று பார்த்தார். அடுத்த மாடிக்கு வாளியோடு ஏறிவந்த நஃபீஸத், பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பை உதறிக்கொண்டே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மைனி சேலை ஒண்ணையும் காணும்? சனிக்கிழமை லீவா?"

ஸ்டெபி மடிக்கணினியிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கண் சிமிட்டும் நேரத்தில் கடலைக் கொற்கைக்கு வரவழைத்தவர், அருவிக்குப் பறந்து பஸ்ஸில் வந்தவர், அன்றைக்குக் குனிந்து தரையில் கிடந்த ஒரு கிளிப்பைப் பொறுக்கினார்.

"எந்தச் சேலை அங்கிள்?" என்றாள் ஸ்டெபி.

மாடிப்படி அறை மூலையில் கிடந்த பழைய மேஜைக்கு அடியில் தாம்பாளத்தில் மடித்து ஒளித்துவைத்திருந்த இரண்டையும் அவர் எடுத்துவந்தார். எப்போதும் எப்படிப் போடுவாரோ அப்படியே போடச் சொன்னாள். காற்றாடிக்கு மேற்கே ஓடுகிற கொடிக்கம்பியில் அவர் போட்டார். மேலே கிளிப். கீழே செங்கல். மாம்பழக் கலர் முதலில், பச்சைக் கட்டம் அதற்கு அடுத்து. கரையை நீவி இழுத்துவிட்டபோது அவர் விரல்கள் அவருக்குத் தெரியாமலே மெதுவாகின. முதல் சேலை மறைத்ததும், சரசரவென்று சுற்றிக்கொண்டிருந்த மூன்று கிண்ணங்களும் தூக்கம் வந்தவை மாதிரித் தள்ளாடின. இரண்டாவது சேலை இறுகியதும் காற்றாடி ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டது. பிறகு எடுத்தது ஓட்டம்.

ஸ்டெபி பெட்டிக்கும் கம்பிக்கும் நடந்தாள். சேலையின் இந்தப் பக்கம் நின்று கையை நீட்டிக் காற்றைத் தொட்டாள். அந்தப் பக்கம் போய்த் தொட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நஃபீஸத் உடுப்பைக் காயப்போடுவதை விட்டுவிட்டுச் சுவரோரம் வந்து நின்றாள்.

"அளக்கிற கிண்ணம் ஒரு சேலைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. அதனால காத்து இல்லன்னு பெட்டி நெனைக்கு" என்றாள் ஸ்டெபி. "இன்னொரு சேலை காத்தாடியில ஒரு பாதிய மட்டும் மறைச்சிருக்கு. எந்தப் பாதி தெரியுமா? எதுத்துக்கிட்டுத் திரும்பி வருமே, அந்தப் பாதி. இப்ப அதுக்கு எதுப்பே இல்ல. தள்ளுத பாதி மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கு. இதுக்குத் தகரத்துல தடுப்பு வச்சுப் பாக்கதா இருந்தேன் அங்கிள், அடுத்த வருசம். நீங்க கஞ்சியில வச்சிட்டிய. என் கணக்கு பூராவும் பாழு, அது வேற."

"அப்ப நான் சொன்னது பொய்யில்ல."

"பொய்யில்ல. காத்து நின்ன மாதிரி தெரியும், காத்தாடி ஓடும்." அவள் சேலையின் விறைத்த ஓரத்தைச் சுண்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டது. "ஆன்ட்டி ஊர்ல இல்லல்லா? பின்ன யாரு உடுத்துததுக்கு இவ்வளவு கஞ்சி?"

"போடலன்னா பூத்துப் போயிரும்" என்றார்.

ஸ்டெபி குனிந்து, நகர்ந்திருந்த செங்கல்லைச் சரிசெய்தாள். நஃபீஸத்தும் திரும்பிப்போய் ஏற்கெனவே காயப்போட்ட ஒரு சட்டையை எடுத்து மறுபடியும் உதறினாள்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. முத்துராணி, வீடியோவில். மகளுக்கு லீவு நாள், பிள்ளைகளை மகள் பார்த்துக்கொள்வாள், நிதானமாகப் பேசலாம் என்று சனிக்கிழமைகளில் கூப்பிடுவாள். கால் பழக்கத்தில் படிக்கட்டுக்குத் திரும்பியது. கீழே கடிகாரம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து ஏதாவது சொல்லலாம். அவள் கேட்பாள், சாப்பிட்டியளா. மாசக் கடைசி வருகிறது. அவள் இன்னொரு தடவை, என்ன சொல்லுதிய என்பாள். அவர் அவியல் வைத்த கதையைச் சொல்வார். மூன்றாவது படியில் நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே காற்றாடியின் சத்தம் கேட்டது. மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோபுரம் ஏறுகிறவர் மாதிரி, அந்த மூன்று படியையும் திரும்ப ஏறினார்.

"என்ன, வெளிச்சமா இருக்கு? எங்க நிக்கிய?" என்றாள் முத்துராணி. முகம் மெலிந்திருந்தது. நெற்றிக்கு மேல் நரை கூடியிருந்தது. கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கதை அளக்கும்போது இது அவர் கண்ணில் பட்டதில்லை.

"மாடியில."

"வெயில்ல அங்கன என்ன சோலி?"

"உனக்கு ஒண்ணு காட்டுதேன். ஒண்ணுஞ் சொல்லாத. பாரு மட்டும்." அவர் போனைத் திருப்பினார்.

திருப்பியதால் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எங்கோ சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அது என் மாம்பழக் கலர் சேலையா?"

"ஆமா."

"பக்கத்துல?"

"பச்சக் கட்டம்."

"கஞ்சி போட்டிருக்கே."

"ஆமா."

"யாரு போட்டா?"

"நான்தான்."

"என்னைக்குப் போட்டிய?"

கதை விட எவ்வளவு தோதான இடம் அது. ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தலாம். "தெனமும் போடுதேன்" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அவள் சாப்பிட்டியளா என்று கேட்கவில்லை.

ஸ்டெபிதான் நிலைமையைக் கையில் எடுத்தாள். "ஆன்ட்டி, நல்லாப் பாருங்க. சேலைய இப்ப ஒதுக்குதேன்." ஒதுக்கினாள். காற்றாடி தயங்கி, களைத்து, இதோ நிற்கப்போகிறேன் என்பது மாதிரி நடந்தது; கிண்ணங்கள் மும்முரமாகச் சுற்றின. "இப்ப மறைக்கேன்." இழுத்து இறுக்கினாள். கிண்ணங்கள் தூங்கின. காற்றாடி கிளம்பியது.

"இன்னொருக்கக் காட்டு தாயி" என்றாள் முத்துராணி.

காட்டினாள்.

"அந்தப் பக்கம் யாரும் நின்னு கையால சுத்தலையே?"

"அடுத்த மாடியில நானும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன் மைனி" என்று நஃபீஸத் குரல் கொடுத்தாள். "யாரும் சுத்தல."

"இன்னும் ஒருக்க."

மூன்றாவது தடவை சேலை விரிந்தபோது காற்றும் சேர்ந்து கூடிவிட்டது. மாம்பழக் கலர் வெயிலில் தகதகத்து விறைத்து நின்றது. அதன் ஓரத்தில் காற்றாடி கண்ணுக்குப் பிடிபடாமல் ஓர் உருளை வெளிச்சமாகச் சுற்றியது. மந்திரமூர்த்தி போனைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் முத்துராணி இல்லை. போனை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டிருந்தாள் போல. பெங்களூர் வீட்டின் வெள்ளைக் கூரை தெரிந்தது, நின்றுபோன மின்விசிறி தெரிந்தது. முந்தானையில் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அவர் கூப்பிடப் போனார். அதற்குள் தூரத்திலிருந்து மகளின் குரல் நெருங்கி வந்தது.

"என்னம்மா, அப்பா இன்னைக்கு என்னத்த அளக்காவ?"

ஸ்டெபி சேலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"அளக்கலட்டி" என்றது முத்துராணியின் குரல். கொஞ்சம் இருமிச் சரிசெய்துகொண்டது. "ஓடுது. என் சேலையில ஓடுது. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்." வெள்ளைக் கூரைக்குக் கீழே திரையின் ஓரத்தில் அவளுடைய கை மட்டும் எழும்பி வந்தது. ஆகாயத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டது, அது போதாதென்று இன்னும் பெரிதாக ஒன்று போட்டது. "என்ன ஓட்டம்ங்குத? அது ஓடுத ஓட்டத்துல, ஏட்டி, தச்சநல்லூரே கெடந்து ஆடுது."